இரண்டு கோப்புக்கு ஒரே பெயர்

அழுத்து இயந்திரம் இறங்கியபோது மாப்பிள்ளையின் வலது கை தகட்டின் மேல் இருந்தது. கோணலாகக் கிடந்த தகட்டை நேராக்கிக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. அதில் கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். வருடக்கணக்கில் நின்றுகொண்டிருந்ததுதான். அன்று நிற்கவில்லை.

முதலில் எலும்பு நொறுங்கும் சத்தம், அப்புறம்தான் அலறல். பக்கத்து இயந்திரக்காரர் ஓடி வந்து மேலே தூக்குவதற்குள் நான்கு விரல்களும் தகட்டோடு ஒட்டிப்போயிருந்தன.

அந்த இயந்திரங்களுக்கு புரோகிராம் எழுதுகிறவன் மாப்பிள்ளையின் மனைவிக்கு அண்ணன். சோடாபுட்டி என்றால்தான் தொழிற்சாலையில் தெரியும். மாடியிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு வந்தவன், சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றினான்.

“திரைல கை பட்டுச்சு மச்சான். நிக்கல,” என்றார் மாப்பிள்ளை. அதோடு மயங்கிவிட்டார்.

ஆம்புலன்ஸ் போனதும் மேனேஜர் சொன்னார்: “அவசரப்பட்டிருப்பாரு, வேற என்ன. மத்த மெஷினெல்லாம் ஓடட்டும்.”

சோடாபுட்டி ரத்தம் காயாத விரல்களோடு மாடியில் உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தான். புதிய அழுத்தமானிக்காக அன்று காலையில்தான் அதை மாற்றி எல்லா இயந்திரங்களிலும் ஏற்றியிருந்தான். அழுத்தமானி விற்றவர்கள் கொடுத்த ஹெடர் கோப்பையும், அதாவது புரோகிராமோடு சேர்த்துப் படிக்கவேண்டிய விவரக் கோப்பையும், அதில் சேர்த்திருந்தான். அழுத்தம் சரியாகக் காட்டுகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். திரையை யாரும் சோதிக்கவில்லை.

சி என்னும் புரோகிராம் மொழியில் ஒவ்வொரு ஹெடர் கோப்பின் தலையிலும் ஒரு காவல் பெயர் இருக்கும். அந்தப் பெயரை ஏற்கெனவே பார்த்திருந்தால், படித்த கோப்புதான் என்று, எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் அதை அப்படியே தாண்டிப் போய்விடும். ஒரே கோப்பை இரண்டு தடவை படிக்காமலிருக்க அந்த ஏற்பாடு. அவனுடைய பாதுகாப்புக் கோப்புக்கு அவன் வைத்த காவல் பெயர் SAFETY_H. விற்றவர்களின் கோப்பிலும் அச்சு அசலாக அதே பெயர். அவர்களுடையது முதலில் வந்ததால், அவனுடையதைக் கம்பைலர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒளித்திரை உண்டு என்று சொல்லும் வரி அவனுடைய கோப்பில்தான் இருந்தது. அந்த வரி இல்லாவிட்டால், திரையில்லாத சின்ன இயந்திரம் என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியதும் அவன்தான். அதனால் பிழை என்று ஒரு வார்த்தைகூட வரவில்லை.

கீழே மற்ற இயந்திரங்கள் இறங்கி ஏறும் சத்தம் கேட்டது. ஓடினான்.

“எல்லாத்தையும் நிறுத்துங்க சார். எல்லாத்துலயும் அதே புரோகிராம்தான்.”

மேனேஜர் குறுக்கே நின்றார். “சாயங்காலம் லாரி வருது. நீ மேல போ.”

“இன்னொருத்தர் கை போயிடும் சார்.”

“ஒழுங்கா வேல பாக்கறவன் கை ஏன் போகுது?”

சோடாபுட்டி அவர் மூக்கில் குத்தினான். பிறந்ததிலிருந்து யாரையும் அடித்தவனில்லை. குத்தத் தெரியாமல் குத்தியதில் அவன் கட்டைவிரல்தான் முதலில் பிசகியது. மேனேஜர் அவன் கழுத்தைப் பிடித்து இரும்புத் தூணில் மோதினார், ஒரு தடவையோடு விடவில்லை. மூக்குக்கண்ணாடி உடைந்து புருவத்தைக் கிழித்தது. கண்ணை மறைத்த ரத்தத்தோடு தவழ்ந்து போய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டான். கொட்டகையே அடங்கிப்போனது. பக்கத்து இயந்திரக்காரர் ஸ்பானரும் கையுமாக சுவிட்சுக்கு முன்னால் வந்து நின்றார். அதற்குமேல் யாரும் அதன் பக்கம் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் தங்கை கேட்டாள்: “மெஷின் கெட்டுப்போச்சாண்ணே?”

“இல்லம்மா. நான் வச்ச பேருதான் காரணம்.” ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான்.

“ஒரு பேரா?” என்றாள். மடியிலிருந்த எவர்சில்வர் ஃப்ளாஸ்கை எடுத்து அவன் வாயில் அடித்தாள். பல் தெறித்தது. மறுபடியும் அடித்தாள். அவன் தடுக்கக் கை தூக்கவில்லை. நர்ஸுகள் வந்துதான் அவளை இழுத்தார்கள்.

விசாரணையில் மேனேஜருக்கு வேலை போனது. சோடாபுட்டியின் சம்பளத்தைக் குறைத்து, இனி எந்த மாற்றத்தையும் இன்னொருவர் பார்க்காமல் ஏற்றக் கூடாது என்றார்கள். அவன் ஒவ்வொரு கோப்பின் காவல் பெயரையும் மாற்றினான். முன்னால் கம்பெனி பெயர், பிறகு பிரிவு, கடைசியில் கோப்பின் பெயர். ‘_’ என்ற அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்களைக் கம்பைலர் தனக்கென்று வைத்துக்கொண்டிருப்பதால் அவற்றைத் தொடவில்லை. திரை உண்டா இல்லையா என்று சொல்லும் வரி இல்லாவிட்டால் புரோகிராமே உருவாகாதபடி செய்தான்.

சோதனை நாளில் மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையோடு வந்திருந்தார், மனைவியும் கூடவே. மரக்கட்டையை நீட்டிய ஒவ்வொரு தடவையும் இயந்திரம் நின்றது.

“கட்டைக்கு என்ன, வலிக்கவா போகுது,” என்றாள் தங்கை. “உன் கைய வை.”

அவன் இயந்திரத்தை ஓட்டச் சொன்னான். அது இறங்கத் தொடங்கியதும் கையை உள்ளே நீட்டினான். மாப்பிள்ளை இடது கையால் அவன் காலரைப் பிடித்து வெறியோடு பின்னால் இழுத்தார். இருவரும் தரையில் போய் விழுந்தார்கள். கை திரையில் பட்டபோதே இயந்திரம் பாதியில் நின்றிருந்தது.

மாப்பிள்ளை அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். “ஒரு வீட்டுக்கு ஒரு கை போனா போதாதாடா?” என்றவர், காலரை விடாமல் அழுதார். தங்கை வந்து இருவரையும் தூக்கிவிட்டாள். அண்ணனின் முகத்தை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் அவன் சட்டையில் ஒட்டியிருந்த கிரீஸைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள்.