அத்தை குறை சொன்ன வீடு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், நெருக்கி உட்கார்ந்தால் இடம் தானாக வரும். கையில் வேலை இருந்தால் அது பாட்டுக்கு நடக்கட்டும், காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினால் போதும். இது நடந்த கதை.

இல்லாத குழாயிலிருந்து கொட்டிய தண்ணீர், செருப்புக்கடைக்குள் முழங்கால் அளவுக்கு ஏறியது. குழாய், பக்கத்திலிருந்த நாடகக் குழுவினுடையது. பஸ் டிப்போவுக்குப் பின்னால், பழைய டயர் கிடங்கில் அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கதை கிடையாது, வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. ஒரு பலகை மேடையும் இரண்டு நாற்காலிகளும்தான் சொத்து. பகலில் ஒருத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ஒருவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள்களின் கண்ணை அளப்பவன். சனிக்கிழமை சாயங்காலம் ஆனதும் மேடையேறி, பார்க்க வந்தவர்களிடமே கதையைக் கேட்பார்கள். "ஒரு இடம் சொல்லுங்க! ஒரு உறவு சொல்லுங்க!" என்பார்கள். வாயில் வந்ததை யாராவது கத்தினால் அதை வைத்து ஆடுவார்கள். அவர்களுக்கு இரண்டே கட்டுப்பாடுகள். எதிரில் நிற்பவர் என்ன சொன்னாலும் இல்லை என்று சொல்லக்கூடாது, ஆமாம் என்று வாங்கிக்கொண்டு அதன்மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். காற்றில் ஒருவர் மேசை போட்டால் அதற்குள் புகுந்து நடக்கக்கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். ஆட்டம் முடிந்ததும் லைட் அண்ணன் விளக்கை அணைப்பார். காற்றில் செய்த மேசை, கதவு, கப்பல் எல்லாம் அப்போதே கரைந்துவிடும். அந்தச் சனிக்கிழமை வேன்காரர் குழாயைத் திறந்து யானையைக் குளிப்பாட்டியதைப் பார்த்துச் சிரித்து, லைட் அண்ணன் ஸ்டூலோடு சரிந்து விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். விளக்கு அணையவில்லை, குழாயும் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் ஜோடி சேராத இரண்டு செருப்புகளைக் கையில் பிடித்தபடி கடைக்காரர் சண்டைக்கு வந்தார். குழுவின் தலைவி மேடையில் மண்டி போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். வயது வித்தியாசம் பார்க்காமல் ஊரே அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டது.

"யாரு குழாயத் திறந்தது?"

"திறந்தவரு வேன எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. நீங்களும் கொஞ்சம் மேல வந்து தேடுங்களேன்."

"இல்லாத குழாய எங்கன்னு தேடறது?"

"தண்ணி வர்ற பக்கமாத் தேடுங்க."

அவர் திட்டிக்கொண்டே ஏறினார், தடவினார், கையில் ஏதோ தட்டுப்பட்டது. பல்லைக் கடித்துத் திருகினார். தண்ணீர் நின்றது. "வாஷர் போயிருக்கு, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து, இடத்தைக் கேட்டாலும் உறவைக் கேட்டாலும் முதல் ஆளாக "செருப்பு!" என்று கத்துவார்.

மேடைப் பலகை ஊறி உப்பிப்போனதால் அடுத்த வாரம் கிடங்கின் முன்னாலிருந்த காலி இடத்தில் ஆடினார்கள். உள்ளே என்றால் தெரிந்தவர்கள் மட்டும் வருவார்கள். வெளியே போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்றார்கள். காய்கறிப் பையோடு நின்றார்கள், சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றார்கள், பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு நின்றார்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில்தான் ரொட்டிக்காரி வந்து நின்றாள். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள்; முழங்கை வரை மாவு, வயிற்றில் எட்டு மாதம். அன்று காலையில்தான் வீட்டுச் சொந்தக்காரர் மாசக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார். அதைத் தொட்டே பிரசவமும் வந்து நிற்கும். இருந்த ஒரே அறையில் அவள், பெயிண்டராக இருந்த புருஷன், மாமியார் மூவரும் குடியிருந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு அறை தருகிறவர் யாருமில்லை. சேதியை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

"ஒரு இடம் சொல்லுங்க!" என்றாள் பெரியக்கா. ஒருவர் ரயில்வே ஸ்டேஷன் என்றார், ஒரு குழந்தை நிலா என்றது, செருப்புக்கடைக்காரர் செருப்பு என்றார். ரொட்டிக்காரி வாயைத் திறக்கவே நினைக்கவில்லை. ஆனால் காலையிலிருந்து உள்ளே அடக்கி வைத்திருந்தது பிடுங்கிக்கொண்டு வந்தது.

"வீடு!"

"யாரு வீடு?"

"என் வீடு."

பெரியக்கா அவள் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், மாவுக் கையைப் பார்த்தாள். "ஆமா, உன் வீடுதான்" என்றாள். "சொல்லும்மா, வாசல் எந்தப் பக்கம்?"

அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். நர்ஸ் வாசற்படியை வைத்தாள், வேன்காரர் கதவை மாட்டினார், கண்ணாடிக் கடைக்காரன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கொத்தனார் ஒருவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார், பிறகு பொறுக்க மாட்டாமல், "யோவ், சுவர் கோணலாப் போவுது, நகருய்யா" என்று உள்ளே இறங்கினார். அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி ஆயிற்று. காய்கறிப் பைகள் கீழே இறங்கின. சைக்கிள்கள் சாய்ந்தன. தெருமுனையிலிருந்து வரிசையாக நின்று கைக்குக் கை செங்கல் மாற்றினார்கள். ஒருவர் கையிலும் ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் தோள்பட்டை வலித்தது. நடுவில் ஒருவர் பிடி நழுவவிட, அடுத்தவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தார். சற்று நேரத்தில் அவர் கால் வீங்கியும் போனது. நடிகர்கள் ஓரமாகப் போய் உட்கார்ந்து ஊர் ஆடுவதை வாய் பிளந்து பார்த்தார்கள். ரொட்டிக்காரி நடுவில் நின்று, அடுப்பு இங்கே, தொட்டில் கொக்கி அங்கே என்று கை காட்டினாள். பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் எது எங்கே என்று கேட்டதில்லை. அவள் குரல் போகப்போக ஏறியது. கூரை வேய்ந்து முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வெளியில் ஆடியதால் அணைக்க விளக்கில்லை. தெருவிளக்குகள் தாமாக எரிந்தன. வீடு அப்படியே நின்றது.

விடிந்ததும் தெருநாய் ஒன்று அதில் மூக்கை இடித்துக்கொண்டது. ஒரு காக்கை அந்தரத்தில் உட்கார்ந்து இறகு கோதியது. அதுதான் கூரை முகடு என்று ஊர் குறித்துக்கொண்டது. மாசக் கடைசியில் ரொட்டிக்காரியும் பெயிண்டரும் பெட்டியோடும் பாயோடும் குடிவந்தார்கள். பெயிண்டர் சுவரெல்லாம் காற்றில் பிரஷ் ஓட்டினார். இரண்டு நாள் வரை அந்தப் பக்கம் போனவர்கள் சட்டையில் ஒட்டுமோ என்று ஒதுங்கிப் போனார்கள்.

மாமியார் மட்டும் வரவில்லை. ரொட்டிக்காரி அவளை அத்தை என்று அழைப்பாள். கேட்டுக் கேட்டு ஊருக்கும் அவள் அத்தையாகிவிட்டாள். வாழ்நாள் முழுக்க வாடகை வீடுகளில் இருந்தவள், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இன்னொருவர் சொல்லி வெளியேறியவள். சுவர் தெரிந்த வீடுகளே அவளை வைத்துக்கொள்ளவில்லை, சுவரே தெரியாத வீட்டை எப்படி நம்புவாள்? குடிபுகுந்த அன்றே, "எங்கடி சுவரு? வெட்டவெளியில குந்திக்கிட்டு வீடுங்கறே? இதோ போறேன் பாரு" என்று நேராகச் சமையல்கட்டுச் சுவருக்குள் நடந்தாள். மடமடவென்று இடிந்தது. ஒருவர் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை, எழுந்த தூசியில் தெரு முழுக்கத் தும்மியது. ஊரே கூடி மறுபடி கட்டியது. கொத்தனார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை இந்தம்மா இப்படிப் பூந்தாங்கன்னா கூரை இறங்கிடும். உள்ள இருக்கறவங்களுக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டார்.

அத்தை ரொட்டிக் கடையின் மாவு அறையில் படுத்துக்கொண்டாள். ஆனாலும் தினமும் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து, இரண்டு கை தூரத்தில் நின்று மகனிடம் நீட்டுவாள். பெருமழை பிடித்த வாரத்தில், மழை அந்த இடத்தில் மட்டும் சாய்வாக வழிந்து தாழ்வாரத்தில் சொட்டியது. ரொட்டிக்காரி உள்ளே காலை நீட்டிப் பழைய துணியில் குழந்தைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். குடை கிழிந்து தொப்பலாக நனைந்த அத்தை, "நனையாத இடமாப் பாத்து உக்காந்துட்டே, சாமர்த்தியக்காரிதான்" என்றாளே தவிர ஓரடி முன்னே வைக்கவில்லை.

பெரியக்கா சும்மா இருக்கவில்லை. சுவரில்லாத இடத்தில் சுவரோடு வாழ ஊர் பழக வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கிடங்கைத் திறந்து, வருகிறவர்களுக்கெல்லாம் காற்றில் கதவு திறக்கவும், நிறைந்த குடத்தைச் சிந்தாமல் தூக்கவும், எதிராளி சொன்னதைக் கீழே போடாமல் ஏந்திக்கொள்ளவும் சொல்லிக்கொடுத்தாள். வங்கிக் காசாளர் வந்தார், பல் டாக்டர் வந்தார், பரம்பரைப் பகையாக இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்து ஒரே காற்று பீரோவை ஆளுக்கொரு முனையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். அத்தை தெருவிலிருந்து எட்டிப் பார்த்து, "பெரிய மனுசங்க பண்ற வேலையைப் பாரு" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

பிரசவ வலி உச்சிவெயிலில் வந்தது. வேன்காரர் வண்டியை எடுக்க ஓடினார், நர்ஸ் உள்ளே ஓடினாள், பெயிண்டர் ஊரின் மறுகோடியில் ஏணிமேல் இருந்தார். வேன் வந்தபோது நர்ஸ் வாசலில் நின்று, நேரமில்லை, குழந்தை தலை காட்டிவிட்டது என்று கத்தினாள். சேதி கேட்டுத் தெருவே கூடியது. கூடிய பிறகுதான் புரிந்தது, சுவர் மழையைத் தடுத்தது, வெயிலைத் தடுத்தது, கண்ணை மட்டும் தடுக்கவில்லை. அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அப்போது உள்ளேயிருந்து ரொட்டிக்காரி அலறினாள்.

"அத்தே! அத்தே, வாங்க!"

மாவு அறையிலிருந்து அத்தை ஓடி வந்தாள். அவள் வந்த வேகமும் திசையும் நேராகப் படுக்கையறைச் சுவரைப் பார்த்து இருந்தன. கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அத்தே நில்லுங்க! அந்தப் பக்கம் சுவரு!" என்று தெருவே கத்தியது. சுவரில் மூக்கு படுகிற தூரத்தில் அத்தை நின்றுவிட்டாள். உள்ளே மருமகள் வலியில் துடிப்பது கண்ணுக்கு நேரே தெரிகிறது. நடுவில் ஒன்றுமே தெரியவில்லை. ஒரே ஒரு அடி வைத்தால் அவளிடம் போய்விடலாம், அந்த ஓர் அடியில் கூரை அவள்மேல் இறங்கும். அத்தை கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள், மறுபடி நீட்டினாள். உள்ளங்கை எதிலோ பதிந்தது. வெயில் காய்ந்த சுவரின் சூடு.

சுவரைத் தடவிக்கொண்டே அவள் நடந்தாள். மூலை திரும்பினாள். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்!" என்றார் வங்கிக் காசாளர். "கைப்பிடி உங்க இடுப்புக்கு நேரா!" என்றார் பல் டாக்டர். "தள்ளாதீங்க, இழுங்க!" என்றார் செருப்புக்கடைக்காரர், ஊர் கூடிய இடத்தில் முதன்முறையாகச் செருப்பைத் தவிர வேறு வார்த்தை பேசி. அத்தை கதவை இழுத்தாள். கீல் கிறீச்சென்றது.

"எண்ணெய் போடக்கூடவா ஒருத்தருக்கும் தோணல?" என்றாள் அத்தை.

அத்தை படியேறினாள், தடுக்கினாள். "படியை இவ்வளவு உசரமா யாரு வச்சது? பிள்ளைத்தாய்ச்சி ஏறி எறங்கற வீடு!" உள்ளே போனாள், சுற்றிலும் பார்த்தாள், அவள் குரல் உச்சத்துக்குப் போனது. "இத்தனை பேரு சேர்ந்து வீடு கட்டியிருக்கீங்க, ஜன்னலுக்கு ஒரு திரை கிடையாதா? வெக்கங்கெட்டவங்களா!" என்று திட்டிக்கொண்டே கையை உயர்த்திப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். வளையங்கள் சர்ரென்று கம்பியில் ஓடின. அந்த நொடியே தெருவுக்கு உள்ளே எதுவும் தெரியாமல் போனது. ஆர்வம் தாங்காமல் திரும்பிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது திரை மட்டும்தான். நீலம் என்றார்கள் சிலர், இல்லை பூப்போட்டது என்றார்கள் சிலர். அதற்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. டிப்போ டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்து ஹாரன் அடித்தார்கள். கையில் பிரஷ்ஷோடு ஓடிவந்த பெயிண்டர், பெண் குழந்தை என்று கேட்டதும் வாசல் கதவுக்குப் பச்சை அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அத்தை அந்த வீட்டைவிட்டுக் கிளம்பவே இல்லை. குறை சொல்வதையும் நிறுத்தவில்லை. பரண் இல்லை என்றாள், பரண் வந்தது. காற்று வரவில்லை என்றாள், கிழக்கே ஒரு ஜன்னல் திறந்தது. நகராட்சியிலிருந்து வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு எண் போட்டார். மின்வாரியத்து ஆள் மாதம் தவறாமல் வந்து மீட்டர் பார்த்து எழுதினார். தபால்காரர் கதவிடுக்கில் கடிதம் செருகினார். பலகை காய்ந்து குழு கிடங்குக்குத் திரும்பியது, ஆனால் அத்தை முதல் வரிசையில் வந்து உட்காராமல் ஆட்டத்தைத் தொடங்குவதில்லை. அவள் குறை சொன்ன பொருளே மேடையில் கெட்டியாக நின்றது. குழந்தை நடக்கப் பழகியது அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான். பக்கத்துக் காலி இடத்தில் இப்போது இன்னும் சில வீடுகள் இருக்கின்றன.

போன வருஷம் வெளியூர்க்காரர் ஒருவர் விலாசம் எழுதிய சீட்டோடு அந்தத் தெருவில் வந்து நின்றார். சீட்டைப் பார்த்தார், எதிரே இருந்த வெட்டவெளியைப் பார்த்தார், இந்த வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவருக்கு ஒரு முழம் முன்னால், கண்ணுக்குத் தெரியாத ஜன்னலிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"வாசலை மறிச்சு நின்னுக்கிட்டே வாசல் எங்கன்னு கேக்கறீங்களே. உள்ள வாங்க, வந்து தண்ணி குடிங்க. குனிஞ்சு வாங்க, அந்தக் கொத்தனாரு நிலையைத் தாழ வச்சுத் தொலைச்சுட்டாரு."

அவர் குனிந்து உள்ளே போனார்.

நீங்களும் எழுந்து பத்திரமாகப் போய்ச் சேருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சுவர்கள் நிலையாக நிற்கட்டும், தொட்டில் காலியாக இல்லாமல் இருக்கட்டும், அடுப்பு அணையாமல் எரியட்டும், வீட்டில் குறை சொல்கிற வாய் நூறு வருஷம் நன்றாக இருந்து குறை சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.