அறுபத்தொரு ஸ்டூல்

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ராஜ்ஜியத்தையே கொளுத்தியிருக்க வேண்டும். ஏழு நகரம், நாற்பது குகை, பறக்கும் பாம்பு, பேசும் மரம் என்று அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்தவர்களுக்கு, கடைக்காரன் உட்கார ஒரு ஸ்டூல் போடத் தோன்றவில்லை. காலை எட்டு மணிக்கு நிற்க ஆரம்பிக்கிறான், இரவு எட்டு வரை நிற்கிறான். நாம் வாளை விற்றுவிட்டுப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாலும் அதே இடத்தில் அதே சிரிப்போடு நிற்கிறான்.

கம்ப்யூட்டர் விளையாட்டு வாங்குவதென்றால் என் வீட்டுக்காரர் படத்தைப் பார்ப்பார், நாலு பேர் எழுதியதைப் படிப்பார், சண்டை எப்படி என்று விசாரிப்பார். நான் முதல் ஊருக்குள் நுழைந்ததும் நாற்காலியைத் தேடுவேன். பொத்தானை அழுத்தினால் நம் ஆள் அதில் உட்கார வேண்டும். உட்காரவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடுவேன். "உலகத்தக் காப்பாத்தச் சொன்னா நீ நாற்காலி தேடிக்கிட்டிருக்கே" என்று அவர் சிரிப்பார். சிரிக்கட்டும். அவர் லாரி ஓட்டுகிறவர், உட்கார்ந்தே சம்பாதிக்கிறார்.

நான் வேலை பார்ப்பது மரச்சாமான் கடையில். தரைத்தளத்தில் மட்டும் நூற்று நாற்பது இருக்கைகள். சோபா, சுழல் நாற்காலி, குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிகூட உண்டு. எதிலும் நாங்கள் உட்காரக் கூடாது. பத்து மணி நேரம் நின்றபடியே, "உக்காந்து பாருங்க சார், எழுந்திரிக்கவே மனசு வராது" என்று சொல்ல வேண்டும். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் சுருண்டு நீலமாகப் புடைத்துவிட்டது. சாயங்காலம் செருப்பில் கால் நுழையாது. மணிக்குப் பத்து நிமிடமாவது உட்காராவிட்டால் புண்ணாகிவிடும் என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். அந்தச் சீட்டை மேனேஜரிடம் நீட்டினேன். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கேமரா. யாராவது தூணில் லேசாகச் சாய்ந்தால் போதும், அடுத்த நொடி பக்கத்தில் வந்து நிற்பார்.

"கஸ்டமர் உள்ள வர்றப்ப நீங்க உக்காந்திருந்தா என்ன நினைப்பாங்க? மரியாதை தெரியாத கடைன்னு நினைப்பாங்க" என்றார். "எதுக்கும் மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்."

சீட்டு அவர் சட்டைப் பைக்குள் போனது. ஐம்பது நாளாகியும் மேலிடம் வாயைத் திறக்கவில்லை.

அந்த வயிற்றெரிச்சலில்தான் மோட் செய்ய இறங்கினேன். விளையாட்டை விற்றவர்கள் செய்யாமல் விட்டதை நாமே செய்து அதில் சேர்ப்பதற்குத்தான் மோட் என்று பெயர். வார விடுமுறை வந்தால் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு உட்காருவேன். மொத்தம் அறுபத்தொரு கடை. ஸ்டூலைக் கொண்டுபோய் வைத்தால் மட்டும் போதாது. இந்த ஆள் இத்தனை மணிக்கு இதில் உட்காருவான் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். மூலிகைக்காரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரொட்டிக்காரர் ஸ்டூலுக்கு ஒரு அடி மேலே, அந்தரத்தில் உட்கார்ந்தார். அவரைக் கீழே இறக்கவே ஒரு முழுக் காலை போய்விட்டது. யார் வந்து பேசினாலும் கடைக்காரர்கள் எழுந்திருக்க மாட்டார்கள், உட்கார்ந்தபடியே பதில் சொல்வார்கள். அதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

இணையத்தில் ஏற்றியதும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இதெல்லாம் ஒரு மோடா?", "ஊர்ல வேற வேலையே இல்லையா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் நீளமாகப் பாராட்டியிருந்தார். "அருமை ப்ரோ! இவங்க உக்காந்ததும் ஊருக்கே உயிர் வந்துடுச்சு. வடக்கு நகரத்துக் கொல்லனோட ஸ்டூல் மட்டும் பாதி சுவத்துக்குள்ள போயிடுது. சரி பண்ண முடியுமா?" என் மனசு குளிர்ந்துபோனது. இரண்டே நாளில் சரிசெய்து கொடுத்தேன்.

போன திங்கட்கிழமை மதியம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். பில் போடும் பெண்ணிடம் மேனேஜர் தன் போனில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார்.

"இது நேத்து நான் விளையாடினப்ப எடுத்த வீடியோ. இந்தக் கொல்லனப் பாருங்க, உக்காந்துக்கிட்டேதான் பேசுறான். ஆனா மரியாதைக் குறைவாவே தெரியல, இல்ல? யாரோ ஒரு ப்ரோ பண்ணியிருக்கார். ஸ்டூல் சுவத்துக்குள்ள போகுதுன்னு எழுதினேன், ரெண்டே நாள்ல சரி பண்ணிட்டார். தங்கமான மனுஷன்."

எனக்கு உச்சந்தலைவரை சூடேறியது.

"அந்த ப்ரோ நான்தான் சார்."

அவர் சிரித்தார். நான் என் போனை எடுத்து, அவர் எழுதியதையும் நான் எழுதிய பதிலையும் காட்டினேன். சிரிப்பு நின்றது.

"உங்க கொல்லனுக்கு ரெண்டு நாள்ல பண்ணிக் கொடுத்தேன். என் சீட்டு நாலு மாசமா உங்க பையில கிடக்கு. பொம்மை நிக்கறது உங்களுக்கு உறுத்துது. நான் நிக்கறது கண்ணுலயே படலையா?"

"கேம் வேற, கடை வேற, மேடம்."

"மரியாதைக் குறைவா தெரியலன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

அவர் போனைப் பைக்குள் போட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வேலை போனால் போகட்டும். காட்சிக்கு வைத்திருந்த ஒரு ஸ்டூலை இழுத்து, வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன். கால் இரண்டும் என்னை வாழ்த்தியிருக்கும்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள்.

"எழுந்திரிங்க, எழுந்திரிங்க" என்று மேனேஜர் பல்லுக்குள்ளேயே சொன்னார்.

"வாங்க வாங்க, என்ன பாக்கறீங்க?" என்றேன், உட்கார்ந்தபடியே.

அந்த அம்மா என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத்தான் குனிந்து பார்த்தார்.

"இந்த மாதிரிதாங்க தேடிக்கிட்டிருக்கோம். சமையலறையில போடறதுக்கு. நின்னு நின்னு இடுப்பு போச்சு. இது கிடைக்குமா?"

"இது எனக்குங்க. இதே மாதிரி மாடியில இன்னொண்ணு இருக்கு. சார் எடுத்துட்டு வருவார்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாவோ பக்கத்திலிருந்த நாற்காலியில் அப்பாடா என்று உட்கார்ந்து, "சீக்கிரம் எடுத்துட்டு வாங்க தம்பி" என்றார்.

மேனேஜர் படியேறினார். நான் எழுந்திருக்கவில்லை.