பலகையில் தொங்கிய சீட்டு

கடலை நோக்கிய மேட்டின்மேல், மழை ஓய்ந்து வெயில் இன்னும் துணியாத காலை வேளையில், செங்கற் சுவர்களும் நீண்ட நடைக்கூடங்களும் உயர்ந்த சாளரங்களும் கொண்ட அந்தப் பெண்கள் பள்ளி, முந்நூறு சிறுமியர் பாடம் ஒப்பிக்கும் ஓசையை உள்ளடக்கி, ஈரம் சொட்டும் கூரையோடு நின்றிருந்தது. முற்றத்தில் சிலுவை தாங்கிய சிறுகோயில். அதன் பக்கச் சுவரில் ஒரு மணி. மணியின் அருகே, ஆணிகளில் சீட்டுகள் தொங்கும் மரப்பலகை. அன்பரே, இக்கதை முழுவதும் பலகைக்கும் மணிக்கும் இடைப்பட்ட நான்கு முழத்திற்குள் முடிந்துவிடும். கால் நோக உம்மை எங்கும் இழுத்துச் செல்லேன்.

பலகைமுன் நின்றவர், அச்சகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பிழை திருத்தியவர்; திருமண அழைப்பிதழை நீட்டினாலும் மணமக்கள் யாரென்று பாராமல் ஒற்று மிகுந்திருக்கிறதா என்று பார்க்கும் பிறவி. மனைவி நெடுநாள் நோயுற்று இறந்து எட்டுத் திங்கள் ஆகியிருந்தன. அன்றுதொட்டு அவருக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. உண்பதும் உறங்குவதும் யாருக்கோ செய்யும் வேலைபோல் நடந்தன. அப்பள்ளியில் தமிழ் கற்பிக்கும் கன்னித்துறவியான தங்கை விடாமல் அழைத்ததால் கடல் கடந்து வந்தார். வந்த இடமும் அவருக்கு எழுத்தில்லாத தாளாகவே இருந்தது.

அப்பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. நோயுற்றோரைச் சீட்டுகளில் எழுதி, சிறுமிக்கு ஒருவராகப் பங்கிடுவர். அவள் அவருக்காக நாள்தோறும் வேண்டுவாள். நோயாளி தேறினால் அவளே மணியடிக்க, வகுப்புகள் அனைத்தும் வெளியே வந்து கைதட்டும். சீட்டு தேறியவர் வீட்டுக்குப் போகும். இறந்தவர் சீட்டோ சிறுகோயிலுக்குள் போகும்.

மூன்றாம் வரிசையில் ஒரு சீட்டு தமிழில் இருந்தது: ‘தமிழம்மாவின் அண்ணி நலம் பெற வேண்டும்.’ தமிழம்மா என்பது தங்கைக்குச் சிறுமியர் இட்ட பெயர். அவர் படித்தார். நெஞ்சு அசையவில்லை, கைதான் அசைந்தது. பையிலிருந்த சிவப்பு எழுதுகோலை எடுத்து, வரியை நெடுக அடித்து, ஓரத்தில் ‘நீக்குக’ என்று பொருள்படும் சுழியையும் போட்டார்.

“தாத்தா! என் சீட்டுல ஏன் கிறுக்குறீங்க?”

துடைப்பத்தோடு நின்றாள், அன்று முற்றம் கூட்டும் முறை வாய்த்த பத்து வயதுச் சிறுமி. அவ்வூரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை. “அவங்க என் நோயாளி. ரெண்டு வருஷமா நான்தான் வேண்டிக்கிறேன்.”

“அவ என் பொண்டாட்டிம்மா. போய் எட்டு மாசமாச்சு.”

பேச்சுக் கேட்டு வந்த தங்கை அங்கேயே நின்றுவிட்டாள். “மன்னிச்சிருங்கண்ணா. அந்தச் சீட்டைக் கழட்டக் கை வரல. இவ தினமும் வந்து எப்படி இருக்காங்கன்னு கேப்பா. அப்படியேதான் இருக்காங்கன்னு சொல்லிச் சொல்லியே எட்டு மாசம் ஓட்டிட்டேன்.”

சிறுமியின் முகம் சிவந்தது. “அப்ப நான் வேண்டினதெல்லாம் யாருக்குப் போச்சு?”

விடைக்குக் காத்திராமல், அவளே சீட்டைக் கழற்றிப் பின்புறம் திருப்பி, அவர் கையிலிருந்த எழுதுகோலைப் பிடுங்கினாள். “சரி, உங்களுக்கு வெச்சுக்கலாம். உங்களுக்கு என்ன நோய்?”

யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் ஆறுதல்தான் சொல்லியிருந்தனர். “எதுவுமே மனசுல பட மாட்டேங்குதும்மா. அவளுக்காக அழக்கூட வரல” என்றார். சொன்னபின்தான், அதுவே தம்மை இத்தனை நாளும் அச்சுறுத்தியது என்று அவருக்கு விளங்கிற்று.

அவள் ஒவ்வொரு சொல்லாக உச்சரித்து எழுதினாள்: ‘தமிழம்மாவின் அண்ணன். எதுவும் மனத்தில் படவில்லை.’ பின்பு சிறிது எண்ணிப் பார்த்து, ஓரத்தில் அவர் போட்ட அதே சுழியைப் போட்டாள்.

“இதை ஏம்மா போட்டே?”

“நீங்க போட்டது அழகா இருந்துச்சு. அதான்.”

நீக்குக! முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் பிழைக்கு இட்ட ஆணையை ஒரு குழந்தை அழகுக்காக அவர் நோய்க்கு இட்டிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது; முதலில் தொண்டையில் செருமி, பிறகு வயிறு குலுங்க வந்தது; அதன் பின்னாலேயே, எட்டுத் திங்கள் எங்கோ நின்றிருந்த கண்ணீரும் வந்தது.

“சிரிச்சுட்டீங்க! தேறிட்டீங்க!” என்று கூவியபடி சிறுமி மணிக்கயிற்றில் தொங்கினாள்.

“ஏய், பாட வேளைடீ!” என்று தங்கை கத்துமுன் கதவுகள் திறந்தன. யார் தேறினார் என்றறியாத முந்நூறு பெண்கள் முற்றம் நிறையக் கைதட்டினர். அவர் மகிழ்ந்தார், அன்பரே, அழுதுகொண்டே மகிழ்ந்தார்.

ஆரவாரம் அடங்கியபின் தங்கை சீட்டை இருபுறமும் திருப்பிப் பார்த்தாள். “இதை எங்கண்ணா வைக்கிறது? கோயில்லயா, உங்ககிட்டயா?”

“என்கிட்டயே குடு. ரெண்டு பேரும் சேந்தே வீட்டுக்குப் போறோம்.”

அவர் நோய் அன்றே முற்றும் தீர்ந்ததென்று நான் சொல்லேன். மறுநாட் காலை பழைய வெறுமையோடுதான் கண்விழித்தார். ஆயினும் எழுந்ததும் கை சட்டைப்பையைத் தேடிற்று; அங்கே, ஒரே தாளின் முன்னும் பின்னுமாக, இருவரும் இருந்தனர்.