இரண்டாம் குழாயின் கோடு

ஆய்வகத்தில் அவள் புற ஊதா விளக்கைப் போட்டாள். டி.என்.ஏ.வைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில், இரண்டாம் குழாய்க்கான பாதையில் ஒரு கோடு ஒளிர்ந்தது. ஒன்றுமே தெரியக் கூடாத பாதை அது.

ஆட்டுத் தசையில் புதிதாக ஓர் ஆர்.என்.ஏ. இருக்கிறது, நீளமானது, எந்தப் புரதத்தையும் உண்டாக்காதது. டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் எனும் வேதிக் குறிகள் படிந்தால் அடங்குகிறது, நீங்கினால் தலைதூக்குகிறது. அவளுக்கு மூத்த மாணவியான அக்காவின் ஆய்வு இதுதான். நான்கு மணிக்குக் கட்டுரை இதழுக்குப் போகிறது. ஆய்வை வழிநடத்தும் மேடம் காலையில் கேட்ட கடைசிப் படம் இந்த ஜெல்.

ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் நொதி இரண்டாம் குழாயில் இல்லை; சரிபார்க்க வைக்கும் கண்ட்ரோல் அது. படியெடுக்காமலே கோடு வந்தால், ஆட்டின் டி.என்.ஏ.வே உள்ளே கலந்திருக்கிறது என்று அர்த்தம். புதிய ஆர்.என்.ஏ. என்று ஒன்று இல்லவே இல்லாமலும் இருக்கலாம்.

"அக்கா..."

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" எட்டிப் பார்த்த அக்காவின் சிரிப்பு நின்றது. "டி.என்.ஏ.வை அழிக்கிற நொதி போட்டேல்ல?"

"நீங்க போட்டாச்சுன்னு நினைச்சேன். டப்பா மேல டிக் இருந்துச்சே."

"அது ஆர்.என்.ஏ. எடுத்து முடிச்சதுக்குப் போட்ட டிக்குடி! நீ போட்டுட்டேன்னுல்ல நான் இருந்தேன்."

அக்கா கதவைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "படத்துல அந்தப் பாதையை வெட்டிடு."

"முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கவா?"

"அடுத்த மாசத்தோட என் ஆய்வுக் காலம் முடியுது. வேற வழி இருந்தா சொல்லு."

வெளியே செருப்புச் சத்தம்; மேடம் உள்ளே வந்தார். மேடம் குரலை உயர்த்தியதே இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் பயம்.

"கண்ட்ரோல் சுத்தமா?"

"சுத்தம், மேடம்" என்றாள் அக்கா.

மேடம் இவளைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

இவள் கையை நீட்டித் திரையை மேடம் பக்கம் திருப்பினாள். அக்கா முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

மேடம் குனிந்து பார்த்தார். "மொத்தமா எல்லா ஆர்.என்.ஏ.வையும் படிக்கிறதுக்கு வெளியே அனுப்பினது எந்த டப்பாவுலேருந்து?"

"இதே டப்பாதான், மேடம்" என்றாள் அக்கா.

"இதோட சேர்த்து, புது ஆர்.என்.ஏ.ன்னு கட்டுரையில எத்தனை எழுதியிருக்கோம்?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

மேடம் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

யாரும் கேட்காமலே அக்கா சொன்னாள்: "போன மாசம் வெளிவந்த கட்டுரையும் இதுலேருந்துதான், மேடம்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அச்சாகிவிட்டதும் பொய்யாக இருக்கலாம். அதுவரை இவள் பட்டதெல்லாம் ஒரு பயமே இல்லை.