லிஃப்ட் பார்க்கப் போனவன்

…அப்படியானால் எண்ணெய்தான், வேறென்ன இருக்கப்போகிறது, பழைய டிராக்டர் என்றால் முதலில் எண்ணெயைப் பார், அப்புறம் மற்றதைப் பார், என்று முணுமுணுத்துக்கொண்டே மெக்கானிக், டிராக்டர் சீட்டுக்குப் பின்னால் இருந்த அளவுக் கம்பியை உருவித் துணியில் துடைத்து மறுபடி விட்டு உருவினான், எண்ணெய் கோட்டைத் தொட்டு நின்றது, நிறமும் தேன் மாதிரி தெளிவு, தண்ணீர் கலந்து வெளுத்திருந்தால் காரணம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருக்கலாம், அதுவும் இல்லை… சரி, ஃபில்டர் அடைத்திருக்கும். கலப்பையைத் தூக்க மாட்டேன் என்று ஒரு டிராக்டரின் லிஃப்ட் அடம்பிடித்தால் அதற்கு நாலு காரணம்தான் இருக்க முடியும், நாலையும் அவன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான், ஆனால் அக்கா ஏன் காலையில் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கையில் திணித்தாள் என்பதற்கு மட்டும் ஒரு காரணமும் தோன்றவில்லை. கிரீஸில் புரளப் போகிறவனுக்கு எதற்கு வெள்ளைச் சட்டை? "தெரிஞ்சவங்க வீடுடா, கொஞ்சம் மனுஷன் மாதிரி போ" என்றாள். மனுஷன் மாதிரி என்றால் என்ன, மற்ற நாட்களில் அவன் என்ன மாதிரி போகிறான்? சட்டையைக் கழற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினான், பனியனே போதும்.

இந்த வீட்டில் டிராக்டர் ஓட்டுவது மகள்தான், முப்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணமாகிப் போய், அது சரிப்படாமல், திரும்பி வந்து அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறாள் என்று அக்கா போகிற போக்கில் சொல்லியிருந்தாள், போகிற போக்கில்தானா… அவன் வந்து இறங்கியதுமே அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். "காலையில நல்லாத்தான் தூக்குது, எண்ணெய் சூடாக ஆக சோம்பேறி ஆயிடுது. கோளாறு பம்ப்ல இல்லைன்னு நினைக்கிறேன்." அவன் பெரிய டாக்டர் மாதிரி கையை உயர்த்தி, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றான். ஏன் அப்படிச் சொன்னான்? எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறான், வருகிறவர்களெல்லாம் 'ஓடலை' என்ற ஒரே வார்த்தையோடு வந்து நிற்பவர்கள், இவள் மாதிரி சூடு குளிர் பார்த்துச் சொல்ல ஒருத்தர் உண்டா… ஃபில்டரைக் கழற்றினான், கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி சுத்தமாக இருந்தது. "அதை நேத்துதான் கழுவிப் போட்டேன்" என்றாள். சொல்லியிருக்கலாமே என்று வாய் வரை வந்துவிட்டது, நல்லவேளை விழுங்கினான், சொல்லத்தான் வந்தாள், கையை உயர்த்தியது யார்?

சரி, இனி சோதனைதான். "நீங்க ஸ்டார்ட் பண்ணித் தூக்குங்க, நான் சொன்னதும் நிறுத்துங்க, ஐயா, நீங்க கலப்பை பக்கமே வராதீங்க" என்றான், ஏனென்றால் அவளுடைய அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் கிட்டே வந்துகொண்டிருந்தார். கலப்பை முனகிக்கொண்டே எழுந்தது, இஞ்சினை நிறுத்தியதும் ஒரு நொடி யோசித்துவிட்டு மெல்ல மெல்ல மண்ணைப் பார்த்து இறங்கியது… ஆகா, அப்படியா சேதி! பம்ப் ஒழுங்காகத்தான் தள்ளுகிறது, தள்ளிய எண்ணெய் சிலிண்டருக்குள் நிற்காமல் பிஸ்டனைச் சுற்றிக்கொண்டு நழுவுகிறது, சூடானால் எண்ணெய் நீர்த்துப்போய் இன்னும் வேகமாக நழுவுகிறது, பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையம் போய்விட்டது, அவ்வளவுதான். அவள் சொன்னது சரி, கோளாறு பம்பில் இல்லை. "பம்ப்ல இல்லைங்க, நீங்க சொன்னதுதான்" என்றான். அவள் அப்பாவைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அதற்கு என்ன அர்த்தம்?

கலப்பையைத் தரையில் வைத்து, எண்ணெயை வடித்து, சீட்டைக் கழற்றி, அதன் கீழிருந்த லிஃப்ட் மேல்மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும்போதுதான் அப்பா விசாரணையைத் தொடங்கினார். "தம்பி, வீட்டுல சமையல் யாரு?" "நானும் அக்காவும் மாத்தி மாத்திங்க." "கோபம் வருமா?" "போல்ட் துரு ஏறியிருந்தா வருங்க." "குறட்டை விடுவீங்களா?" அப்போதுதான் மண்டையில் உறைத்தது. லிஃப்டுக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம்? வெள்ளைச் சட்டை, மனுஷன் மாதிரி, போகிற போக்கில்… அடி அக்கா! ஸ்பேனர் கையை விட்டு நழுவி எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது. இத்தனை வருஷமாக எல்லாரும் அவனைப் பெண் பார்க்கத்தான் கூட்டிப் போனார்கள், போன தடவை அந்த வீட்டு மின்விசிறி கடகடவென்று ஆடியது, பொறுக்க முடியாமல் நாற்காலியில் ஏறி அதைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தான், பெண் என்ன நிறப் புடவை என்று அக்கா கேட்டபோது பேய் முழி முழித்தான், பதில் வேண்டாம் என்று வந்தது, வராமல் என்ன செய்யும்… இன்றைக்கு அவனைப் பார்க்கிறார்கள், அதுவும் பனியனோடு, முழங்கை வரை எண்ணெயோடு! இப்போது போய்ச் சட்டையை மாட்டினால் அசிங்கம், மாட்டாவிட்டாலும் அசிங்கம்.

செயின் பிளாக் கப்பியைக் கொட்டகை உத்தரத்தில் மாட்டி மேல்மூடியைத் தூக்கினார்கள், அவள் சங்கிலியை இழுக்க அவன் மூடியைத் தாங்கிப் பிடித்தான், "கொஞ்சம்" என்றால் கொஞ்சம் இழுத்தாள், "போதும்" என்றால் அங்கேயே நின்றாள். பிஸ்டனை வெளியே எடுத்துத் துடைத்தால் வளையம் ஓரிடத்தில் விட்டுப்போய்ப் பல்லிளித்தது. "கடைக்குப் போயிட்டு வரணும்" என்றான். அவள் அலமாரிக்குப் போய் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினாள், அதே அளவு, புத்தம் புதுசு. அவன் பொட்டலத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "இது… எப்ப வாங்கினீங்க?"

"போன வாரம்."

"அப்போ என்ன கோளாறுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும். மூடியைத் தூக்க இன்னொரு ஆள் வேணும், அது நிஜம்." துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "பொண்ணு பார்க்க வந்தா நீங்க ஃபேனைத்தான் பார்ப்பீங்கன்னு உங்க அக்கா சொன்னாங்க. சரி, டிராக்டரையே காட்டுவோம்னு நான்தான் சொன்னேன். முன்னாடி இருந்தவருக்கு நான் எதைச் சொன்னாலும் 'உனக்கென்ன தெரியும்'. அதான், நீங்க எப்படிக் கேட்கறீங்கன்னு பார்க்கணும்னு தோணுச்சு."

ஐயோ, பார்க்கலாம் பார்க்கலாம் என்று கையை உயர்த்தினானே, அதைக் கேட்டிருப்பாளே, பாஸா ஃபெயிலா, ஃபில்டர் விஷயத்தில் வாயை அடக்கியது கணக்கில் வருமா, 'நீங்க சொன்னதுதான்' என்றதற்கு ஏதாவது மார்க் உண்டா… கேட்கலாமா? கேட்காதே. வளையத்தில் எண்ணெய் தடவினான், அது வழுக்கிக்கொண்டு பள்ளத்தில் போய்ச் சொன்னபடி உட்கார்ந்தது. "காலையில கையைத் தூக்கினேன் பாருங்க, அது தப்புங்க" என்றான் பிஸ்டனைப் பார்த்து. "பிஸ்டன்கிட்டயா சொல்றீங்க?" என்றாள். நிமிர்ந்து பார்த்தான், நீலப் புடவை, முகத்தில் ஒரு கோடு கிரீஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள், அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எல்லாவற்றையும் பூட்டி, எண்ணெய் ஊற்றி, கலப்பை மேல் இரண்டு மணல் மூட்டைகளைக் கட்டித் தூக்கினார்கள், முனகலே இல்லாமல் எழுந்தது, இஞ்சினை நிறுத்தினாள், மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்கள். இறங்கவில்லை. அப்பா டீ போட்டுக் கொண்டுவந்தார், குடித்து முடித்தும் இறங்கவில்லை, தவழ்கிற குழந்தை எழுந்து நின்றுவிட்ட மாதிரி அப்பா கைதட்டினார்.

"அடுத்த வாரம் விதைக்கிற மெஷினை மாட்டணும், வர முடியுமா?" என்றாள். "வரேங்க" என்றான், யோசிக்கவே இல்லை. குழாயடிக்குப் போய் சோப்பைத் தேய்க்கும்போதுதான் யோசித்தான், விதைக்கிற மெஷினை மாட்ட மூன்று பின்னைச் செருகினால் போதும், ஆளே வேண்டாம், அவள் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவாள்… அப்படியென்றால்? அதற்கு அர்த்தம் இதுதானா, இல்லை, அவனாக நினைத்துக்கொள்கிறானா? மற்ற வீடுகளில் இந்நேரம் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான். கொட்டகைக்குள் அவள் ஏதோ சொல்ல அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது, என்ன சொன்னாள் என்று காதைத் தீட்டிக்கொண்டே இன்னொரு தரம் சோப்பை எடுத்தான், அப்போதுதான் கவனித்தான், கை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.