யக்கரேயா, டூக்கானா?

பதினோரு வருடம்! மாட்டுச் சூட்டுக்குறி பதிவு அலுவலகத்தில் பதினோரு வருடமாக நான் தற்காலிக ஊழியை. ஒவ்வொரு டிசம்பரிலும் ஒப்பந்தம் முடியும். ஒவ்வொரு ஜனவரியிலும் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி உள்ளே வருவேன். இந்த வருடம் ஒரே ஒரு நிரந்தரப் பணியிடம் வந்தது. அதையாவது சும்மா கொடுத்தார்களா? போட்டி வைத்தார்கள்.

அலுவலகத்தைக் கணினிமயமாக்கும் முன்பு, யார் யார் என்ன செய்கிறோம் என்பதைக் கட்டமும் கோடுமாகப் படம் வரைய வேண்டுமாம். அதற்கு இலவசமான, நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தக்கூடிய மென்பொருள்தான் வேண்டும் என்று தலைநகர் அசுன்சியோனிலிருந்து உத்தரவு. அப்படி இரண்டு கிடைத்தன. ஒன்றின் பெயர் யக்கரே, மற்றது டூக்கான். நான் யக்கரே கட்சி. பக்கத்து மேசை வில்ஃப்ரீதோ டூக்கான் கட்சி. அவனும் என்னைப் போலத் தற்காலிகம்தான். அவரவர் வேலையை அவரவர் மென்பொருளில் வரைந்து சுவரில் ஒட்ட வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்து எது ஜெயிக்கிறதோ, அதில் வரைந்தவருக்கு வேலை நிரந்தரம்.

யக்கரே திறக்க நாலு நிமிடம் ஆகும். அதற்குள் ஒரு சுற்று குளிர்ந்த தெரெரே டீ குடித்து முடித்துவிடலாம். ஆனால் திறந்துவிட்டால் படம் கணக்காக வரும். டூக்கான் சட்டென்று திறக்கும், டைமண்டு மட்டும் கோணலாக விழும். கட்டத்தின் ஓரத்தில் கருப்பாக ஒரு டைமண்டும் அதிலிருந்து வால் மாதிரி ஒரு கோடும் இருந்தால், கோட்டின் அந்தப் பக்கம் இருப்பது அந்தக் கட்டத்துக்காரரின் பொறுப்பு என்று அர்த்தம். என் பொறுப்பு முத்திரைப் பெட்டி. வில்ஃப்ரீதோவுக்கு பிரின்டர். எங்கள் தலைவி தோன்யா சுனில்தாவின் கட்டத்தில் டைமண்டே கிடையாது.

"கோணல் என்ன பெரிய கோணல்? நிரல் தொறந்துதானே கெடக்கு, எவனாவது சரி பண்ணிடுவான்" என்றான் வில்ஃப்ரீதோ.

"ஆறு வருஷமா அந்தப் புகார் அங்கேயே கெடக்கு. நாப்பத்திமூணு பேரு 'எனக்கும் இதேதான்'னு எழுதியிருக்காங்க. ஒருத்தன் கை வைக்கல. போடா!"

முடிவு சொல்ல வேண்டிய வியாழக்கிழமை காலையில், நானூறு மாடு வைத்திருக்கும் தோன் ரொசேந்தோ தன் சூட்டுக்குறியைப் புதுப்பிக்க வந்தார். வரிசையில் நின்றவர் சுவரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு என் படத்தின் அருகே போய் மூக்கு உரசப் பார்த்தார்.

"இது என் குறியாச்சே!"

"எதுங்க?" என்றேன்.

"இந்தா, கருப்பு டைமண்டு, வாலு. எங்க தாத்தா காலத்துக் குறி. யாரு இந்த நீமியா? என் குறி அவ மேல எப்படி வந்துச்சு?"

"நான்தாங்க நீமியா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த மேய்ச்சல்லம்மா காணாமப் போனே?"

நான் சிரித்துவிட்டேன். தலைவி சிரிக்கவில்லை. ஏழாம் பதிவேட்டை எடுத்து வந்து, ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார். அச்சு அசல் அதே குறி.

"சட்டம் தெளிவா இருக்கு. குறி யாருதோ உருப்படி அவருது" என்றார்.

"மேடம், அது வெறும் படம்!"

"நேத்து கூட்டத்துல நீதானே சொன்னே? படத்துல இருக்கிறதுதான் உண்மை, ஆபீஸ் அதைப் பார்த்துதான் நடக்கணும்னு. குறிப்புல எழுதியிருக்கேன்."

சொன்னவள் நான்தான். வில்ஃப்ரீதோ "ம்ம்மா" என்று கத்தி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். தலைவி அவன் படத்திலும் ஸ்கேலை வைத்தார். கோணல் டைமண்டு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

"பதிவில்லாத குறின்னா நீ ஊர்சுத்தி மாடு. முப்பது நாள் பட்டியில நிறுத்தணும். யாரும் தேடி வரலைன்னா ஏலம்" என்றார்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. ஓடிப்போய் டூக்கானின் நிரலைத் திறந்தான். ஆறு வருடமாக ஒருவரும் தொடாத கோணலைப் பத்தே நிமிடத்தில் நிமிர்த்தினான், பாவி! ஆனால் திருத்தத்தை ஏற்க வேண்டியவர் பின்லாந்தில் இருந்தார். ஆகஸ்டு வரை விடுமுறை என்று பதில் வந்தது.

"மேடம், அப்போ என் வேலை?" என்று கேட்டேன்.

"ஒப்பீட்டுல யக்கரேதான் ஜெயிச்சுது. ஆனா அடுத்தவர் மாட்டுக்கு நான் எப்படி நியமன உத்தரவு கொடுக்கிறது? நீயே சொல்லு."

தோன் ரொசேந்தோ இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். "சரி, ஓட்டிட்டுப் போகவா?"

"அதெப்படி? கொண்டுபோறதுக்குச் சீட்டு வேணும். சீட்டுல முத்திரை குத்துறவ நீமியா. மாடு தன் சீட்டுல தானே முத்திரை குத்தக் கூடாது. அதனால உருப்படி இங்கேயேதான் நிக்கணும். தீவனச் செலவு அலுவலகத்தோடது. பேரு பதிவேட்டுல ஏறிட்டா, உரிமையாளர் கையெழுத்து இல்லாம யாரும் நீக்க முடியாது."

"டிசம்பர்லகூடவா?" என்றேன்.

"எந்த மாசத்துலயும்."

"மந்திரி சொன்னாக்கூடவா?"

"மந்திரி என்ன பண்ணுவாரு? சாகுற வரைக்கும் பதிவுல இருக்கும்."

மனுஷியாகப் பதினோரு மனு கொடுத்திருக்கிறேன். ஒன்றுக்காவது பதில் போட்டார்களா?

"எழுதுங்க மேடம்" என்றேன்.

தலைவி பேனாவைத் திறந்தார். நிறம் மாநிறம், கொம்பு இல்லை என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு வந்தார். வயது என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். முப்பத்தொன்பது என்றேன்.

"மாடு சொல்றதையெல்லாம் எழுத முடியாதும்மா" என்றார் தோன் ரொசேந்தோ, அன்பாகத்தான். "எங்கே, பல்லைக் காட்டு."

வில்ஃப்ரீதோ பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயை நன்றாகத் திறந்தேன்.