கறுத்திருந்த பாதி

சிதம்பரத்து வீட்டு வாசலில் ரிஸ்வான் சைக்கிளை நிறுத்தியதும் அமீனா பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன வருடம் இறந்துபோன அவள் மகன் ஆசிக்கின் சைக்கிள் அது.

"எப்பப் பாத்தாலும் இதத்தான் தொடச்சிக்கிட்டு இருப்பான்," என்றாள் மருமகள் அம்ரீனிடம். "ஒன்னவிட இது மேலதான் பாசம் ஜாஸ்தி."

"தெரியும் மாமி. நிக்காஹ் அன்னிக்கே கைநகத்துல கிரீஸ் இருந்திச்சி."

பெண்கள் இருவரும் சிரித்தார்கள். ரிஸ்வானால் முடியவில்லை.

புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டிலிருந்து ஆசிக் வாங்கிவந்த பிரெஞ்சுப் பந்தயச் சைக்கிள். எழுபத்து நாலில் செய்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ரிஸ்வான்தான் அப்போதும் அதைச் சீர் செய்தான். கியர், பிரேக், பெடல் எல்லாம் அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பாகங்களாகவே வேண்டும் என்று இருவரும் எட்டு மாதம் தேடினார்கள். பிறகு ஒரு காலையில், அதை ஓட்டிக்கொண்டு போகையில், புதுச்சத்திரம் அருகே, பலா ஏற்றிவந்த பண்ருட்டி லாரியின் சக்கரத்தில் ஆசிக் போய்விட்டான். "நான் இடிக்கல சார், அவராத்தான் முன்னால விழுந்தாரு" என்று டிரைவர் அய்யனார் சொன்னதை யாரும் நம்பவில்லை. எல்லாரும் லாரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். சைக்கிளை ஒருவரும் பார்க்கவில்லை.

ரிஸ்வான் அம்ரீனுக்குத் தாய்மாமன் மகன். கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தா காலம் முடிந்து சில மாதம் கழித்து அவளைப் பெண் கேட்டான்.

"மொதல்ல அவுங்க சைக்கிள முன்ன இருந்த மாதிரி ஆக்கிக் கொண்டாங்க மச்சான். அப்புறம் பதில் சொல்றேன்," என்றிருந்தாள் அவள்.

அமீனா பீவி டீ போட உள்ளே போனாள். அம்ரீன் சைக்கிளைத் தடவிக்கொண்டே வந்தாள். ஹேண்டில்பாரைத் தாங்கும் அலுமினியக் கழுத்தில் அவள் கை நின்றது.

"இது புதுசா?"

"இல்ல. அதே வருஷத்துது. வேற சைக்கிள்ல இருந்திச்சி."

"பழசு எங்க?"

அவன் பையில் இருந்தது. வரும் வழியில் வெள்ளாற்றுப் பாலத்தில் இறங்கி, எறியக் கையை ஓங்கி, மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டான். இப்போது எடுத்துக் கொடுத்தான்.

முறிந்த இடத்தில் பாதி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. பாதி கறுத்திருந்தது.

"ஏன் பாதி மட்டும் கருப்பா இருக்கு?"

லாரி ஆயில் என்று சொன்னால் போதும். நம்பிவிடுவாள்.

"வெள்ளையா இருக்கறது அன்னிக்கி ஒடஞ்சது. கருப்பு, அதுக்கு முன்னாடியே கீறல் விட்டிருந்தது. அழுக்கு எறங்கியிருக்கு."

"முன்னாடின்னா?"

"ரெண்டு வாரம் முந்தி நானே பாத்தேன். முடி மாதிரி ஒரு கோடு. ஆசிக் புதுசு மாத்திடுன்னான். நாந்தான், புதுசு போட்டா அந்த வருஷத்துச் சைக்கிளா இருக்காதுன்னேன். மேல்கீறல்தான்னு பாலீஷ் போட்டுக் குடுத்திட்டேன்."

உள்ளே டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது.

"அதுதான் ஒடஞ்சதுன்னு எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"வேலைய ஆரம்பிச்ச அன்னிக்கே. மூணு மாசம் ஆவுது."

"அய்யனார் பொண்டாட்டி வந்து இந்த வாசல்ல நின்னுச்சி. நாந்தான் மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்துனேன்." அம்ரீன் சைக்கிளைப் பார்த்தாள். "இவ்வளவு தெரிஞ்சும், திரும்ப அதே வருஷத்துதத் தேடிப் புடிச்சிப் போட்டிருக்கீங்க."



அமீனா பீவி மூன்று டம்ளர் டீயுடன் வந்தாள். "என்னம்மா, மாப்ளைக்குப் பதில் சொல்லிட்டியா?"

"அவுங்கதான் மாமி எனக்குச் சொன்னாங்க." உடைந்த அந்தத் துண்டைத் துப்பட்டா முனையில் வைத்து முடிந்தாள் அம்ரீன். "வியாழக்கெழம டிரைவர் கேஸு. பத்து மணிக்கெல்லாம் கோர்ட்டுக்கு வந்திடுங்க. எனக்குச் சொன்னத அங்கயும் சொல்லணும்."

"சொல்றேன்," என்றான். "சைக்கிள்?"

"எடுத்திட்டுப் போயிடுங்க."

அமீனா பீவி தட்டோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமி, மொதல்ல அந்தத் தட்ட கீழ வைங்க. ஒக்காருங்க," என்று அம்ரீன் சொன்னது ரிஸ்வானுக்குப் பின்னால் கேட்டது. அவன் சைக்கிளில் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான்.